ஏர்விங் பிஷர்: வட்டியை ஆராய்ந்த பேராசிரியர்

வர்த்தகப் பிரிவில் கற்ற எம்மிற் பலருக்கு, பிஷர் சமன்பாடு என்பது பரீட்சைக்காக மனனஞ் செய்த ஒரு வரியாகவே நினைவில் நிற்கிறது. அதன் பின்னால் இருந்த மனிதரின் வாழ்வை இம்மலர் வாயிலாக நினைவுகூர விரும்புகிறோம்.

ஏர்விங் பிஷர் 1867 இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தார். பதினேழு வயதில் தந்தையைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லிக் குடும்பத்தைத் தாங்கியபடியே யேல் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1891 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அங்கேயே கணிதம் கற்பித்துப் பின் பொருளியலுக்கு மாறி, 1898 இல் பேராசிரியரானார். அதே ஆண்டில் தந்தையைக் கொண்டுசென்ற நோய் அவரையும் பற்றியது. மூன்றாண்டுகள் போராடி மீண்டார்.

அவரது முக்கிய ஆய்வொன்று 1896 இல் வெளிவந்தது. அக்காலத்தில் இந்திய அரசின் கடன்முறிகள் இருவகையாக இலண்டனில் விலைபோயின. ஒருவகைக்குப் பொன் நாணயத்திலும் மற்றதற்கு வெள்ளி ரூபாயிலும் வட்டி கிடைத்தது. கடன்பட்ட அரசு ஒன்றே. வருவாய் வீதமோ வெவ்வேறு. வெள்ளியின் பெறுமதி இறங்குமென அஞ்சியோர் ரூபாய் முறிக்குக் கூடுதல் வருவாய் வேண்டினர் என்பதைப் பிஷர் காட்டினார். அந்த வெள்ளி ரூபாய் அன்று எமது இலங்கையிலும் வழங்கிய நாணயமே. பெயரளவு வட்டியினுள் மெய்வட்டியும் எதிர்பார்க்கப்படும் விலையேற்றமும் அடங்கியிருக்கின்றன என்ற பாடம் இவ்வாறே உருவாயிற்று. மனிதர் வருவதை ஓரளவே முன்னுணர்கின்றனர் என்பதையும் அவர் கண்டார்.

அந்த உண்மை அவரையே சுட்டது. அட்டைக்கோவை முறையொன்றைக் கண்டுபிடித்துச் செல்வந்தரான அவர், கடன்பட்டும் பங்குகள் வாங்கினார். 1929 இல் பங்கு விலைகள் உயர்ந்த நிலையிலேயே நிலைத்துவிட்டன என்று பகிரங்கமாகக் கூறினார். சில நாட்களில் சந்தை சரிந்தது. செல்வமும் நற்பெயரும் போயின. வெல்ஸ்லி மகளிர் கல்லூரியின் முன்னாள் தலைவியான மனைவியின் சகோதரி கரோலின் ஹசார்ட் பெருந்தொகை கடன் கொடுத்துத் தாங்கினார். வீட்டையும் பல்கலைக்கழகமே வாங்கி அவரைக் குடியிருக்க விட்டது.

பிஷர் ஒதுங்கிவிடவில்லை. விலைகள் வீழும்போது கடனின் மெய்ச்சுமை ஏறுகிறது. கடனடைக்க எல்லோரும் சொத்துக்களை விற்க, விலைகள் மேலும் வீழ்கின்றன என்று 1933 இல் விளக்கினார். அன்று அதைக் கேட்டோர் சிலரே. 1935 இல் ஓய்வுபெற்று, 1947 இல் மறைந்தார். பிற்காலப் பொருளியலாளர் அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்துப் படித்தனர்.

பரீட்சையில் ஒருமுறை தவறியதும் புத்தகத்தை மூடிவிட எண்ணும் எம் தங்கையருக்கு, அறுபத்தாறு வயதில் தம் தவற்றையே பாடமாக்கி மீண்டும் எழுத அமர்ந்த இப்பேராசிரியரை அறிமுகஞ் செய்து வைப்பதில் மகிழ்கிறோம்.