இரு கண்களின் விந்தையை விளக்கிய வீட்ஸ்டன்

உங்கள் ஆள்காட்டி விரலை முகத்திற்கு நேரே பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் இடக் கண்ணையும், பின்னர் வலக் கண்ணையும் மூடிப் பாருங்கள். விரல் இடம் பெயர்வதுபோல் தோன்றும். உண்மையில் விரல் அசையவில்லை. நம் கண்கள் இரண்டும் வெவ்வேறு காட்சிகளைக் காண்கின்றன. அவ்விரண்டையும் மூளை ஒன்றாக இணைக்கும்பொழுது பொருளின் ஆழம் நமக்குப் புலனாகிறது. இவ்வுண்மையை உலகறியச் செய்தவர் சர் சார்ல்ஸ் வீட்ஸ்டன் என்னும் அறிஞர்.

அவர் 1802ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 6ஆம் நாள் இங்கிலாந்தில் குளோஸ்டர் நகருக்கு அருகில் பிறந்தார். அவர்தம் குடும்பத்தார் இசைக்கருவித் தொழிலில் ஈடுபட்டிருந்தனர். இளமையிலேயே லண்டனில் இருந்த தந்தையின் உடன்பிறந்தாரிடம் அத்தொழிலைப் பயின்றார். பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெறும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. தொழிற்கூடமே அவருக்குக் கல்விக்கூடமாயிற்று. ஆயினும், 1834இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி அவரைப் பேராசிரியராக அமர்த்தியது. அவையில் பேசுவதற்கு அவர் மிகவும் கூச்சப்படுவார். எனவே, அவருடைய ஆய்வுகள் சிலவற்றை மைக்கேல் ஃபாரடே என்னும் பேரறிஞர் மேடையேறி விளக்கினார்.

1837இல் கூக் என்பாருடன் சேர்ந்து மின்தந்திக் கருவிக்கு வீட்ஸ்டன் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டில், தாம் அமைத்த ஸ்டீரியோஸ்கோப் என்னும் கருவியைப் பற்றி ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அதில் இரண்டு கண்ணாடிகள் நடுவிலும், சிறிது வேறுபட்ட இரண்டு படங்கள் இருபுறமும் இருந்தன. ஒவ்வொரு கண்ணும் தனக்குரிய படத்தை மட்டுமே காணும். தட்டையான கோடுகள் திரண்ட உருவமாய் எழுந்து நிற்கும்! படங்களைத் தேவைக்கேற்ப நகர்த்துவதற்குத் திருகு ஒன்றும் அமைத்திருந்தார்.

இக்காலத்தில் தலையில் அணிந்து பார்க்கும் மெய்நிகர்க் காட்சிக் கருவியும் இதே கொள்கையைப் பின்பற்றியதே. ஆனால், ஒருவருக்கு இன்பம் தரும் அக்கருவி மற்றொருவருக்குத் தலைவலியைத் தருவதுண்டு. ஏன்? மனிதர் முகங்கள் ஒன்றுபோல் இல்லை. இரு கண்மணிகளுக்கிடையேயுள்ள தூரம் பெரியவர்களுக்குச் சராசரியாக ஏறத்தாழ 63 மில்லிமீட்டர். சிறுவர்களுக்கு அதனினும் குறைவு. கருவியின் வில்லைகள் கண்மணிகளுக்கு நேராக அமையாவிடில் காட்சி மங்கும், கண் சோரும். மூக்கின் உயரமும் கன்னத்தின் அமைப்பும் வேறுபடுவதால் கருவி சிலருக்குச் சரியாகப் பொருந்தாது. மூக்குக்கண்ணாடி அணிந்தோர்க்கு உள்ளே இடம் போதாமலும் போகலாம். மாறுகண் உடையோரும், ஒரு கண்ணில் பார்வை குன்றியோரும் அந்த ஆழத்தை உணராமல் இருக்கக்கூடும்.

ஆகவே, தனக்குத் தெரியவில்லை என்று கூறும் நண்பனை எள்ளி நகையாடாதீர்கள். அவன் பொய் கூறவில்லை. அவன் கண்கள் காண்பதையே கூறுகிறான். கருவியைத்தான் மனிதனுக்கேற்பத் திருத்த வேண்டும்.

பெற்றோர்களே! பிறந்தது முதல் ஒரு கண் மங்கலாயிருக்கும் குழந்தைக்கு அது குறை என்றே தெரியாது. புத்தகத்தை முகத்தருகே பிடித்தாலும், தலையைச் சாய்த்துப் பார்த்தாலும், கண் மாறியிருந்தாலும் காலந்தாழ்த்தாது கண் மருத்துவரிடம் காட்டுங்கள். இளமையில் செய்யும் சிகிச்சையே பெரும்பயன் தரும். கரும்பலகை தெரியாத பிள்ளையை மக்குப் பிள்ளை என்று தள்ளிவிடலாகாது.

வீட்ஸ்டன் 1868இல் சர் பட்டம் பெற்றார். 1875ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் பாரிஸ் நகரில் மறைந்தார். அவர் வகுத்த கண்ணாடிக் கருவியின் அமைப்பு இன்றும் பார்வை ஆய்வுக்கூடங்களில் பயன்படுகிறது. பட்டமில்லாத தொழிலாளியாய்த் தொடங்கி, கண்ணின் இயல்பை உலகிற்கு உணர்த்திய அப்பெரியாரின் உழைப்பை நாமும் பின்பற்றுவோமாக!