நாடிகளுக்கு ஒளி தந்தவர்

பரிசு ஒரு செயலுக்குக் கிடைக்கிறது. உலகுக்கு நன்மையோ சில வேளைகளில் வேறொரு செயலால் விளைகிறது. இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியவர் போர்த்துக்கல் நாட்டு வைத்தியர் எகாஸ் மொனிஸ். மனநோயாளரின் மூளை நரம்புகளை அறுக்கும் சத்திரசிகிச்சைக்காக நோபல் பரிசு பெற்றவர் என்று, வகுப்பறையில் அவர் பெயரைச் சற்று வெறுப்புடனேயே பல ஆண்டுகள் சொல்லிவந்தவன் நான்.

கடந்த ஆண்டு என் நண்பரான ஓர் ஆசிரியர் பாரிசவாதத்தால் வீழ்ந்தார். வலக்கை செயலிழந்தது, பேச்சும் நின்றது. வைத்தியர்கள் அவருடைய தொடை நாடியினூடாக மெல்லிய குழாயொன்றை மூளைவரை செலுத்தி, அங்கே அடைத்திருந்த இரத்தக்கட்டியை இழுத்தெடுத்தனர். மறுநாள் அவர் என் பெயரைச் சொன்னார். அந்தக் குழாய்க்கு வழி எவ்வாறு தெரிந்தது என்று தேடப் புகுந்த நான், இதுவரை வெறுத்த அதே மனிதரின் முன் போய் நின்றேன்.

மொனிஸ் 1874 நவம்பர் 29 ஆம் நாள் அவான்கா என்னும் கிராமத்திற் பிறந்தார். கோயிம்பிராவிற் கற்று, 1911 இல் லிஸ்பனில் நரம்பியற் பேராசிரியரானார். அரசியலும் அவரை ஈர்த்தது. பாராளுமன்ற உறுப்பினராயிருந்தார், 1918 இல் வெளிநாட்டமைச்சரானார், பாரிஸ் சமாதான மகாநாட்டிலே தம் நாட்டுத் தூதுக்குழுவுக்குத் தலைமை வகித்தார். பின்னர் அரசியலைத் துறந்து ஆய்வுக்குத் திரும்பினார். ஐம்பதைக் கடந்த வயது; இளமையிலேயே பற்றிய மூட்டுவாதத்தாற் கோணிய விரல்கள். ஊசி பிடிக்க இயலாத அவருக்கு இளம் வைத்தியர் பெத்ரோ அல்மெய்தா லிமா கைகளாக நின்றார்.

அக்காலத்தில் எக்ஸ் கதிர்ப் படம் மண்டையோட்டைக் காட்டியதேயன்றி, அதனுள் ஓடும் நாடிகளைக் காட்டவில்லை. கதிரை மறிக்கும் திரவமொன்றை நாடியிற் செலுத்தினால் அதன் வடிவம் படத்தில் விழுமென்று மொனிஸ் எண்ணினார். நாய்களிலும் பிணங்களின் தலைகளிலும் சோதித்தபின் நோயாளரிடம் முயன்றார். முதலிற் பயன்படுத்திய புரோமைட்டுக் கரைசலால் ஒருவர் உயிரிழந்தார். அம்மரணம் அவரைக் கலக்கியது. ஆயினும் முயற்சியை விடாது, 25 வீதச் சோடியம் அயடைட்டுக் கரைசலுக்கு மாறினார். 1927 யூன் 28 ஆம் நாள், கட்டியொன்றால் வருந்திய இளைஞனின் மூளை நாடிகள் கிளை விரித்த மரம்போலப் படத்தில் தோன்றின. கட்டி அவற்றை எப்பக்கம் தள்ளியிருக்கிறதென்பதும் தெரிந்தது. 1937 இல், கழுத்து நாடி அடைபட்டிருப்பதையும் அவரும் துணைவரும் இம்முறையாற் காட்டினர். உயிரோடிருப்பவரிடம் பாரிசவாதத்தின் காரணத்தைக் கண்ணாற் காணும் காலம் பிறந்தது.

இக்கண்டுபிடிப்புக்காகப் பரிசுக்குப் பிரேரிக்கப்பட்டும் அவருக்கு அது கிடைக்கவில்லை. 1949 இற் கிடைத்ததோ 1935 இல் அவர் தொடங்கிய மூளை அறுவைக்காக. இருபது நோயாளரைச் சில மாதங்களே கவனித்து, அவசரமாக முடிவு வெளியிட்டார். பிற நாடுகளில் அம்முறை கட்டின்றிப் பரவி, ஆயிரக்கணக்கானோரின் மனத்தையும் ஆளுமையையும் சிதைத்தது. நாடிப்படத்துக்காகப் பின்னர் அவர் கையாண்ட தோரியத் திரவமும் கதிர்வீச்சுடையது. ஆண்டுகள் பல கழிந்து அது புற்றுநோய் தந்தது. இவற்றை மறைப்பது நன்றன்று.

1955 டிசம்பர் 13 இல் அவர் மறைந்தார். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், ஊசித்துளை வழியே கம்பியை நுழைத்து, அதன்மேற் குழாயைச் செலுத்தும் எளிய முறையைச் சுவீடன் நாட்டுச் செல்டிங்கர் வெளியிட்டிருந்தார். பார்க்கும் வழியே பின்னாளிற் பரிகரிக்கும் வழியுமாயிற்று. பெருநாடி அடைபட்ட பாரிசவாதத்திற் கட்டியைக் குழாயால் விரைந்து அகற்றுவது நன்மை தருமென 2015 இல் வெளியான பரிசோதனைகள் உறுதிசெய்தன.

என் நண்பரின் கை இன்னும் முற்றாகத் தேறவில்லை; சுண்ணக்கட்டியை இடக்கையாற் பிடிக்கிறார். ஆனாற் பாடம் சொல்கிறார். நானும் இப்போது மொனிஸைப் பற்றி இரண்டையும் சொல்கிறேன். ஒரே மனிதர்தாம் இருளில் விளக்கேற்றினார். இன்னோரிடத்திற் பார்க்கப் பொறாமல் வெட்டினார். பரிசு எதற்குக் கிடைத்தது என்பதை மாணவர் மறந்தாலும் கேடில்லை. அவர் எங்கே பொறுத்திருந்தார், எங்கே அவசரப்பட்டார் என்பதை மறத்தலாகாது.