புகையிலும் சக்தி கண்டவர்: ஆல்ஃபிரெட் ப்யூகி

காரின் பின்புறம் 'டர்போ' என்று எழுதியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அதைக் கண்டுபிடித்தது யாருன்னு கேட்டால் நம்மில் பலர் முழிப்போம்.

அவர்தான் ஆல்ஃபிரெட் ப்யூகி. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் 1879 ஜூலை 11-ல் பிறந்தவர். அப்பா சுல்சர் என்ஜின் கம்பெனியில் உயர் அதிகாரி. எங்க வீட்டிலோ படிக்க வந்த முதல் ஆள் நான்தான். வழி சொல்ல ஆள் கிடையாது. ஆனால் எல்லா வசதியும் இருந்த ப்யூகியே எத்தனை வருஷம் போராடினார் என்று தெரிந்தபோது எனக்குத் தைரியம் வந்தது.

அவர் படித்ததும் ஒரு பாலிடெக்னிக்தான்! ஜூரிச் பாலிடெக்னிக்கில் 1903-ல் படிப்பை முடித்தார். எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு சும்மா வெளியே போகுதே என்பதுதான் அவர் கவலை. 1905-ல் ஒரு திட்டத்துக்குக் காப்புரிமை கேட்டார். ஒரே ஷாஃப்ட்; ஒரு முனையில் டர்பைன், மறுமுனையில் கம்ப்ரஸர். புகை டர்பைனைச் சுற்றும். கம்ப்ரஸர் காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் தள்ளும். காற்று கூடினால் எரிபொருளும் கூடுதலாக எரியும், சக்தியும் கூடும்.

பேப்பரில் சரி. ஆனால் 1915-ல் செய்து பார்த்த மாதிரி என்ஜின் தோற்றது. காற்றழுத்தம் நிலைத்து நிற்கவில்லை. அவர் விடவில்லை. புகை சீராக வருவதில்லை, ஒவ்வொரு சிலிண்டரும் விட்டுவிட்டு ஊதுகிறது என்பதைக் கவனித்தார். ஒன்றையொன்று இடிக்காதபடி தனித்தனிக் குழாயில் டர்பைனுக்குக் கொண்டு போனார். 1925-ல் இதற்கும் காப்புரிமை பெற்றார். அவருடைய டர்போவைப் பொருத்திய ஜெர்மன் கப்பல்கள் இரண்டில் டீசல் என்ஜினின் சக்தி 1750 குதிரைத்திறனிலிருந்து 2500 ஆனது!

1959 அக்டோபர் 27-ல் அவர் காலமானார். மூன்றே வருஷத்தில், 1962-ல், அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீலும் செவர்லேவும் டர்போ கார்களை விற்பனைக்கு விட்டன. பார்க்க அவர் இல்லை.

ஆனால் அவர் யோசனை இன்றும் ஓடுது. நான்கு சிலிண்டர் என்ஜினில் 1, 4 ஒரு வழி. 2, 3 ஒரு வழி என்று புகையைப் பிரித்தனுப்பும் 'ட்வின் ஸ்க்ரோல்' அவர் போட்ட பாதைதான். 1986-ல் வந்த போர்ஷே 959 காரில் இரண்டு டர்போ: வேகம் குறைவானால் ஒன்று மட்டும், கூடினால் இரண்டும் வேலை செய்யும். டர்பைனைச் சுற்றியுள்ள சிறு தகடுகளைத் திருப்பிப் புகையின் வேகத்தை மாற்றும் வகையும் உண்டு. மிதித்ததும் வண்டி சீற வேண்டும் என்பதே எல்லாவற்றுக்கும் நோக்கம்.

ஒரு அரியர் விழுந்தாலே உலகம் இருண்ட மாதிரி உட்கார்ந்து விடுகிறோம். 1905-லிருந்து 1925 வரை இருபது வருஷம் ஒரே யோசனையோடு உட்கார்ந்தவர் ப்யூகி. நமக்கு இருப்பது ஆறே மாதத்தில் அடுத்த தேர்வு. எழுதுவோம் நண்பர்களே, வெல்வோம்!

– மூன்றாமாண்டு மாணவன், ஆட்டோமொபைல் துறை