ஜாஸ் மேடையில் அராபிய வீணை

நியூயார்க் நகரத்து ஜாஸ் வாத்தியக்காரர்களிடையே அகமது அப்துல் மாலிக் பெயர் பெற்றவர். ஆளுயரத்துக்கு நிற்குமே, 'பேஸ்' என்னும் பெரிய பிடில், அதை வாசிப்பதில் அவர் கெட்டிக்காரர். அத்துடன் 'ஊத்' என்னும் அராபிய வீணையையும் மடியில் ஏந்தி வாசிப்பார். தம் தந்தை சூடான் நாட்டிலிருந்து வந்தவர் என்று அவர் சொல்லி வந்தார். எழுதியவர்களும் அதை அப்படியே எழுதி வந்தார்கள்.

அவர் 1993-ம் ஆண்டில் காலமானார். அதற்கு 19 ஆண்டுகள் கழித்து, 2012-ல், ராபின் கெல்லி என்ற சரித்திரப் பேராசிரியர் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் உண்மை வெளிவந்தது. அப்துல் மாலிக்கின் தந்தை சூடான்காரரே அல்ல!

அப்படியானால் அவர் படைத்த இசையும் போலிதானா? அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

புரூக்ளின் பையன்

1927-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி, நியூயார்க்கின் ஒரு பகுதியாகிய புரூக்ளினில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோனதன் டிம். தகப்பனாருக்கும் அதே பெயர்தான். அவர்கள் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான செயின்ட் வின்சென்டிலிருந்து பிழைப்புத் தேடி அமெரிக்கா வந்த கறுப்பு இனத்தவர்.

சிறு வயதிலேயே பையன் பிடில் கற்றான். பிறகு பேஸ் வாத்தியத்துக்கு மாறினான். ஆனால் அவன் காதில் வேறொரு நாதமும் விழுந்துகொண்டிருந்தது.

சிரியா, லெபனான் நாடுகளிலிருந்து வந்த மக்கள் முன்பு மன்ஹாட்டனில் வாஷிங்டன் தெருவைச் சுற்றி வாழ்ந்தார்கள். 1940-களில் அங்கே சுரங்கப்பாதை அமைப்பதற்காக வீடுகள் இடிக்கப்பட்டன. அவர்களில் பலர் புரூக்ளினில் அட்லான்டிக் அவென்யூ பக்கம் வந்து சேர்ந்தார்கள். அவர்களோடு அவர்களுடைய கடைகளும் வந்தன, சங்கீதமும் வந்தது. அந்தச் சங்கீதம் இளைஞர் ஜோனதனைப் பிடித்துக் கொண்டது.

புது மதம், புதுப் பெயர்

1920-ல் பஞ்சாப் மாகாணத்தைச் சேர்ந்த முப்தி முகம்மது சாதிக் என்பவர் அமெரிக்கா சென்று அகமதியா இஸ்லாத்தைப் போதித்தார். கறுப்பு இனத்தவர் பலர் அந்த வழியைத் தழுவினார்கள். 1940-களில் ஜாஸ் வாத்தியக்காரர்கள் பலரும் அதில் சேர்ந்தார்கள். ஜோனதனும் சேர்ந்தார். அகமது அப்துல் மாலிக் ஆனார். அரபு மொழியும் கற்றார்.

அன்றைய அமெரிக்காவில் கறுப்பருக்கு நல்ல ஓட்டலில் இடம் கிடையாது. வெள்ளையர் பக்கத்தில் உட்கார முடியாது. ஆனால் முஸ்லிம் பெயரும் வெளிநாட்டுக்காரர் என்ற அடையாளமும் இருந்தால், சில இடங்களில் அதே மனிதருக்குக் கதவு திறந்தது! தோல் ஒன்றுதான், பெயர் மாறினால் மரியாதை மாறியது. இந்த அநியாயத்தின் நடுவில் வாழ்ந்த ஒருவர், தாம் விரும்பிய ஆப்பிரிக்காவையே தம் பூர்வீகமாக வரித்துக் கொண்டதில் வியப்பென்ன?

வெறும் வேஷத்துக்காக மட்டும் அவர் அப்படிச் செய்யவில்லை. ஓட்டல் கதவு திறப்பதற்கு ஒரு பெயர் போதும்; வீணை வாசிக்க வேண்டியதில்லை. அவரோ ஊத் வாத்தியத்தில் உழைத்துத் தேர்ச்சி பெற்றார்.

மங்க்கின் குழுவில்

முதலில் ஆர்ட் பிளேக்கி, ராண்டி வெஸ்டன் முதலியோருடன் வாசித்தார். 1957-ல் பெரிய வாய்ப்பு வந்தது. பியானோ மேதை தெலோனியஸ் மங்க், 'பைவ் ஸ்பாட்' என்ற விடுதியில் தினமும் வாசித்து வந்தார். அவர் குழுவில் சாக்ஸபோன் வாசித்தவர் ஜான் கோல்ட்ரேன். பேஸ் வாசிக்க அப்துல் மாலிக் அமர்த்தப்பட்டார்.

அந்த ஆண்டு நவம்பர் 29-ந் தேதி கார்னகி மண்டபத்தில் அவர்கள் கச்சேரி செய்தார்கள். அதைப் பதிவு செய்த நாடா எங்கோ முடங்கிக் கிடந்து, 2005-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூல் நிலையத்தில் அகப்பட்டது. இசைத்தட்டாக வெளிவந்ததும் உலகமே கொண்டாடியது. அதைக் காண அப்துல் மாலிக் உயிரோடு இல்லை.

கட்டைக்குள் அடங்காத சுரம்

மங்க்கிடம் பேரும் வேலையும் கிடைத்தன. ஆனால் அவருடைய ஆசை வேறு. அராபிய சங்கீதத்தையும் ஜாஸையும் ஒரே மேடையில் இணைக்க வேண்டும் என்பதே அது.

இது சுலபமான காரியமல்ல. அராபிய சங்கீதம் 'மகாம்' என்ற பண்களைக் கொண்டது. நம் இராகத்தைப் போல மகாமிலும் சுரங்களின் வரிசை உண்டு, போக்கு உண்டு, பாவம் உண்டு. அதன் சுரங்களில் சில, பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு இடையில் ஒளிந்திருப்பவை. எந்தக் கட்டையை அழுத்தினாலும் அந்தச் சுரம் வராது. ஜாஸ் இசையோ, பியானோ கொடுக்கும் சுரக் கூட்டுகளின் மேல் கட்டிய மாளிகை. ஒன்றில் பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும். மற்றொன்றில் ஒரே இழை நெளிந்து ஓடும்.

அப்துல் மாலிக் துணிந்து ஒரு காரியம் செய்தார். பியானோவையே எடுத்து விட்டார்!

சகாராவில் ஜாஸ்

1958-ம் ஆண்டு அக்டோபரில் 'ஜாஸ் சகாரா' என்ற இசைத்தட்டு பதிவாயிற்று. ரிவர்சைடு கம்பெனி வெளியிட்டது. குழுவைப் பாருங்கள். சிரியாவின் அலெப்போ நகரத்திலிருந்து வந்த முதிய வித்துவான் நயீம் கரக்கந்து பிடில். ஜாக் கனாயிம் 'கானூன்' என்ற பல தந்தி வாத்தியம். மைக் ஹாம்வே 'தரபுக்கா' என்ற ஒருமுக மேளம். பிலால் அப்துர் ரகுமான் 'தஃப்' என்ற பறை. இவர்களோடு ஜாஸ் உலகத்தின் ஜானி கிரிபின் சாக்ஸபோன். அல் ஹேர்வுட் டிரம்ஸ். அப்துல் மாலிக் ஊத், பேஸ் இரண்டும் வாசித்தார்.

மொத்தம் 4 உருப்படிகள். நான்குக்கும் அரபுப் பெயர்கள். ஒன்றின் பொருள் 'மக்களே', மற்றொன்று 'கேளுங்கள்'. அராபிய மேளக்காரர்கள் தாளத்தைப் பிடித்துக்கொள்ள, அதன்மேல் சாக்ஸபோன் தன் இஷ்டம்போல் கற்பனையைக் கொட்டுகிறது. இரண்டு கட்சிக்காரரும் தத்தம் பாஷையிலேயே பேசுகிறார்கள். ஆனாலும் பேச்சு நடக்கிறது. அதுவே அந்தத் தட்டின் சிறப்பு.

1959-ல் ஆர்.சி.ஏ. விக்டர் கம்பெனிக்காக 'கிழக்கும் மேற்கும் சந்திக்கின்றன' என்னும் பொருள் கொண்ட தலைப்பில் அடுத்த தட்டைப் பதிவு செய்தார். இதில் டிரம்பட் வாசித்தவர் புகழ்பெற்ற லீ மார்கன். பின்னர் 1961 முதல் 1964 வரை மேலும் 4 தட்டுகள் பதிவாயின.

1961 நவம்பரில் கோல்ட்ரேன் 'வில்லேஜ் வான்கார்டு' விடுதியில் 'இந்தியா' என்ற உருப்படியை வாசித்தபோது, அந்தக் குழுவிலும் அப்துல் மாலிக் இருந்தார். அதே ஆண்டில் அமெரிக்க அரசாங்கத்தின் சார்பில் தென் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தார்.

1964-ல் வந்த கடைசித் தட்டில் ஒரு வேடிக்கை உண்டு. அதில் ஊத் வாசித்தவர் ஹம்சா எல் தீன். சூடான் எல்லையை அடுத்த நூபியாவில் பிறந்தவர். மெய்யாகவே நைல் நதிக் கரைக்காரர். அவரிடம் வீணையைக் கொடுத்துவிட்டு, அப்துல் மாலிக் பேஸ் வாசித்தார்!

ஆசிரியராக

அதன் பிறகு அவர் தலைமையில் தட்டு எதுவும் வரவில்லை. ஆனாலும் அவர் சோர்ந்து உட்காரவில்லை. 1970-களில் நியூயார்க் பல்கலைக்கழகத்திலும், பின்னர் புரூக்ளின் கல்லூரியிலும் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1972-ல் மொராக்கோவில் நடந்த ஜாஸ் விழாவில் வாசித்தார். ஆப்பிரிக்கா என் பூர்வீகம் என்று சொன்னவர், அந்த மண்ணிலேயே மேடை ஏறிவிட்டார். 1984-ல் ஜாஸ் முன்னோடி என்ற விருது அவரைத் தேடி வந்தது. அராபிய இசையை ஜாஸோடு கலந்ததற்காகவே அந்தக் கௌரவம். 1993 அக்டோபர் 2-ந் தேதி நியூஜெர்சியில் மறைந்தார்.

பூர்வீகத்தைப் பற்றி அவர் சொன்னது மெய்யல்ல. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அலெப்போ வித்துவான் கரக்கந்து அவர் பக்கத்தில் அமர்ந்து பிடில் வாசித்தது மெய். பியானோவில் பிடிபடாத சுரத்தைத் தம் விரலால் பிடித்தது மெய். இரத்தத்தில் வந்தது என்று அவர் சொல்லிக்கொண்ட சங்கீதம், உண்மையில் உழைப்பால் வந்தது. பிறப்பால் வந்ததென்றால் அதில் அவருக்கு என்ன பெருமை? உழைத்துப் பெற்றதால்தான் அது முழுக்க முழுக்க அவருடைய சொத்தாகிறது.