வீடும் நாடும் தேடிய எழுத்து: சி.வி. வேலுப்பிள்ளை

நுழையும்முன்

உதகமண்டலத்திலிருந்து கூடலூர் செல்லும் சாலை பைக்காராவைக் கடந்து நடுவட்டம் வழியாக இறங்குகிறது. 1932இல் மின்னுற்பத்தி தொடங்கிய பைக்காராவை அணைக்கும் அருவிக்கும் உரிய ஊராக நாம் அறிவோம். அதற்கப்பால் விரியும் தேயிலைச் சரிவுகளில் கொழுந்து பறிப்போர் பலரின் முன்னோர் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள். அக்குடும்பங்கள் பிரிந்த வரலாற்றை அறிந்தால்தான் அவர்களைப் பற்றிய கதைகள் நமக்கு முழுமையாக விளங்கும். அம்மக்களின் வாழ்வை இலக்கியமாக்கிய ஒருவரைப் பற்றியது இப்பாடம்.

தோட்டத்தில் பிறந்தவர்

கண்ணப்பன் வேல்சிங்கம் வேலுப்பிள்ளை என்னும் சி.வி. வேலுப்பிள்ளை, 1914ஆம் ஆண்டு இலங்கை நுவரெலியா மாவட்டத்தின் மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்தார். தொழிலாளரை மேற்பார்க்கும் கங்காணிக் குடும்பம் அவருடையது. ஆகவே வறுமை அவரை வாட்டவில்லை. எனினும், வைகறையில் ஒலிக்கும் தப்போசையும், மழையில் நனைந்தபடி கூடை சுமக்கும் பெண்களும், ஒற்றை அறை லயங்களில் நெருங்கி வாழும் குடும்பங்களும் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. கொழும்பு நாலந்தா வித்தியாலயத்தில் பயின்ற அவர், தாம் பெற்ற ஆங்கிலப் புலமையை அம்மக்களின் துயரை உலகறியச் செய்யப் பயன்படுத்தினார்.

மன்றமும் மறுப்பும்

1947இல் நடைபெற்ற தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறு ஆண்டே நாடு விடுதலை பெற்றது. ஆனால், அவ்வாண்டு இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்ததைச் சான்றுடன் மெய்ப்பிக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளை விதித்தது. பிறப்புப் பதிவுகளே அரிதாயிருந்த தோட்ட மக்களால் அச்சான்றுகளைக் காட்ட இயலவில்லை. இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர், அடுத்து வாக்குரிமையும் பறிபோயிற்று. தமக்கு வாக்களித்த மக்களே வாக்காளர் பட்டியலிலிருந்து மறைந்ததை வேலுப்பிள்ளை கண்டார். 1952இல் நடந்த அறப்போராட்டத்தில் பங்கேற்ற அவர், பின்னர்த் தொழிற்சங்கப் பணியையும் எழுத்தையும் தம் இரு கைகளாகக் கொண்டார்.

எழுத்துப் பணி

1954இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நெடுங்கவிதை, சக்தீ பால-ஐயாவின் மொழிபெயர்ப்பில் ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழுக்கு வந்தது. தோட்ட மக்களின் வாழ்க்கையைச் சித்திரிக்கும் ஆங்கில நூலொன்று 1970இல் வெளியாயிற்று. ‘வீடற்றவன்’ என்னும் புதினம், தொழிற்சங்கம் அமைக்க முற்பட்டு வேலையிழக்கும் தொழிலாளியின் கதையாகும். தோட்டத்தில் குடியிருப்பும் தோட்டத்திற்கே உரியது. எனவே, வேலை போனால் வீடும் போகும். வீடு போனால் குடும்பம் சிதறும். இந்த எளிய உண்மையே அப்புதினத்தின் அடித்தளம். ஏட்டில் எழுதப்படாது மக்கள் நாவில் மட்டும் வாழ்ந்த மலையக நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்ததும் அவரது அரும்பணியாகும்.

பிரிந்த குடும்பங்கள்

1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொண்டன. ஒப்பந்தத்தில் மக்கள் எண்களாக இருந்தனர். லயத்தில் அவர்கள் தாயாகவும் மகளாகவும் இருந்தனர். ஒரே வீட்டில் ஒருவர் ஒரு நாட்டிற்கும் மற்றொருவர் வேறொரு நாட்டிற்கும் உரியவராயினர். தாயகம் திரும்பியோர் எனப்பட்ட பலர், தாயகத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்டனர். அவர்களுக்கு வாழ்வளிக்கும் பொருட்டு 1968 முதல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாக்கப்பட்டன. 1976இல் அவை தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின்கீழ் வந்தன.

இறுதிக்காலம்

வேலுப்பிள்ளை இலங்கையிலேயே வாழ்ந்தார். 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் இனவன்முறைகள் மலையக மக்களையும் தாக்கின. பலர் மீண்டும் இடம்பெயர்ந்தனர். அக்கால வேதனையை ‘இனிப்படமாட்டேன்’ என்னும் புதினத்தில் பதிவு செய்த அவர், உள்நாட்டுப் போர் தொடங்கிய மறு ஆண்டான 1984இல் மறைந்தார். எஞ்சியிருந்த நாடற்றவர்க்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. அதைக் காண அவர் இல்லை.

போரும் சட்டமும் பிரித்த குடும்பங்களின் கதைகளைப் படிக்கும்போது, கதையில் பேசுவோரை மட்டுமன்றி, அங்கு இல்லாதவரையும் தேட வேண்டும். அவர் ஏன் இல்லை என்னும் வினாவிற்கு விடை பெரும்பாலும் வரலாற்றில் இருக்கும். அந்த விடையைத் தம் மக்களுக்காக எழுதி வைத்தவர் சி.வி. வேலுப்பிள்ளை.

மதிப்பீடு

குறுவினா: மலையகத் தமிழர் நாடற்றவரானது எவ்வாறு?

சிறுவினா: வேலையிழப்பு வீடிழப்பாக மாறுவதைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.

நெடுவினா: இடம்பெயர்ந்த குடும்பத்தைப் பற்றி நீங்கள் படித்த சிறுகதை ஒன்றை, அதன் வரலாற்றுப் பின்புலத்துடன் இணைத்துத் திறனாய்க.