விலை போடாமல் பாட்டைக் கொடுத்த பாடகர்: யார் இந்த கீத் கிரீன்?

ஒரு பாட்டுக்கு நீங்க எவ்வளவு கொடுப்பீங்க?

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மாதக் கட்டணம் கட்டினால் கைத்தொலைபேசியில் கோடிக்கணக்கான பாடல்கள். எந்தப் பாட்டுக்கும் தனி விலை கிடையாது. கடைசியாக ஒரு பாட்டுக்கென்றே எப்போது காசு கொடுத்தீர்கள்? நினைவில்லையா? பரவாயில்லை, பலருக்கும் அப்படித்தான்.

2007ஆம் ஆண்டு பிரிட்டனின் ரேடியோஹெட் இசைக்குழு ஒரு புதிய இசைத்தொகுப்பை இணையத்தில் வெளியிட்டது. என்ன விலை என்பதை ரசிகர்களே முடிவுசெய்துகொள்ளலாம் என்றது. இசை உலகமே அதைப் பற்றிப் பேசியது.

அதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவில் ஒருவர் அதைச் செய்துவிட்டார். அப்போது இணையம் கிடையாது. இசைத்தட்டும் கேசட்டும்தான். தயாரிப்புச் செலவுக்காக அவர் தம்முடைய வீட்டையே அடமானம் வைத்தார்.

அவர் பெயர் கீத் கிரீன். கிறிஸ்தவப் பாடல்களை எழுதி, இசையமைத்து, பாடியவர். 28 வயதிலேயே இறந்துபோனார்.

11 வயதில் ஒப்பந்தம்

கீத் 1953ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி நியூயார்க்கின் புரூக்லின் வட்டாரத்தில் பிறந்தார். வளர்ந்தது கலிஃபோர்னியாவில். யூதப் பின்னணி கொண்ட குடும்பம். ஆனால் 'கிறிஸ்டியன் சயன்ஸ்' எனும் சமயப் பிரிவின் வழியில் பிள்ளையை வளர்த்தனர்.

உங்களுக்கு 11 வயது இருந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? கீத் அந்த வயதுக்குள் சுமார் 40 பாடல்களைச் சொந்தமாக எழுதிவிட்டார். 1965ஆம் ஆண்டு டெக்கா இசை நிறுவனத்துடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. அமெரிக்க இசைப் படைப்பாளர்களின் உரிமைகளைக் கவனிக்கும் 'ஆஸ்கேப்' அமைப்பிலும் சேர்ந்தார். அந்த அமைப்பில் அவ்வளவு சிறிய வயதில் யாரும் அதற்குமுன் சேர்ந்ததில்லை.

தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் வந்தார். அடுத்த இளம் நட்சத்திரம் இவர்தான் என்று நிறுவனம் கணக்குப் போட்டது. ஆனால் கணக்கு பலிக்கவில்லை. ரசிகர்களின் கவனம் டானி ஆஸ்மண்ட் எனும் இன்னொரு சிறுவன் பக்கம் போனது. கீத்தை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

புகழ் எவ்வளவு வேகமாக வருமோ அவ்வளவு வேகமாகப் போகும். அந்தப் பாடத்தைப் பதின்ம வயது முடிவதற்குள்ளேயே அவர் கற்றுக்கொண்டார்.

தேடித் திரிந்த ஆண்டுகள்

15 வயதில் கீத் வீட்டைவிட்டு ஓடிப்போனார். அது 1960களின் இறுதி. நீண்ட முடி, போதைப்பொருள், கிழக்கத்திய ஆன்மிகம் என்று ஹிப்பி இளையர்கள் ஊர் ஊராகச் சுற்றிய காலம். கீத்தும் எல்லாவற்றையும் முயன்று பார்த்தார். போதைப்பொருள் ஒருமுறை மோசமான அனுபவத்தைக் கொடுத்தது. அதோடு அதை விட்டுவிட்டார்.

1973ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று மெலடி என்ற பெண்ணை மணந்தார். பெயருக்கு ஏற்ப மெலடியும் பாடல் எழுதுபவர். இருவரும் ஹாலிவுட்டில் சிபிஎஸ் நிறுவனத்துக்குப் பாடல் எழுதிக் கொடுத்துப் பிழைத்தார்கள்.

1975ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் ஒரு சிறிய கிறிஸ்தவச் சபையில் சேர்ந்ததும் கீத்தின் வாழ்க்கை திசை மாறியது.

தேவாலயத்தில் ராக் இசையா?

இங்கே கொஞ்சம் பின்னணி தேவை.

அதுவரை தேவாலய இசை என்றாலே பாமாலையும் ஆர்கனும்தான். ஆனால் கலிஃபோர்னியாவின் ஹிப்பி இளையர்கள் பலர் கிறிஸ்தவர்களாக மாறியபோது கித்தாரையும் டிரம்ஸையும் கூடவே கொண்டுவந்தார்கள். மூத்தவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். இளையர்களோ திரண்டு வந்தார்கள்.

அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்றைய 'தற்காலக் கிறிஸ்தவ இசை'. 1970களின் நடுப்பகுதிக்குள் அதற்கென்றே தனி இசை நிறுவனங்கள், தனிக் கடைகள் எல்லாம் வந்துவிட்டன. சுருக்கமாகச் சொன்னால், அது ஒரு சந்தையாகிவிட்டது.

அந்தச் சந்தையில் கீத்துக்கு நல்ல வரவேற்பு. 1977இல் வெளிவந்தது முதல் தொகுப்பு 'ஃபார் ஹிம் ஹூ ஹாஸ் இயர்ஸ் டு ஹியர்'. அடுத்த ஆண்டே 'நோ காம்ப்ரமைஸ்', அதாவது 'சமரசம் இல்லை'. பியானோவைத் தட்டித் தட்டி வாசித்துக்கொண்டே பாடுவார். நடுவில் நிறுத்திவிட்டுப் பேசுவார்.

தலைப்பில் இருந்த சமரசமின்மை அவருடைய குணத்திலும் இருந்தது.

ஒரு வீடு ஏழு வீடானது

பாடல்களில் மட்டும் அன்பைப் பற்றிப் பேசினால் போதுமா? கீத்தும் மெலடியும் போதாது என்று நினைத்தார்கள்.

லாஸ் ஏஞ்சலஸ் புறநகரில் இருந்த தங்கள் சிறிய வீட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள். போதைப் பழக்கத்திலிருந்து மீளத் துடித்தவர்கள், தங்க இடமில்லாதவர்கள், கருவுற்ற நிலையில் தனியாக நின்ற இளம்பெண்கள் என்று பலர் வந்து தங்கினர். இடம் போதவில்லை. பக்கத்து வீட்டை வாங்கினர். அதுவும் போதவில்லை. மேலும் ஐந்து வீடுகளை வாடகைக்கு எடுத்தனர்.

1977இல் அந்தப் பணி 'லாஸ்ட் டேய்ஸ் மினிஸ்ட்ரீஸ்' எனும் அமைப்பானது. 1979இல் எல்லாரும் டெக்சஸ் மாநிலத்தின் லிண்டேல் எனும் ஊருக்கு அருகே இடம் மாறினர்.

"எதற்கு விலை" எனும் கேள்வி

அதே 1979இல்தான் கீத்தை ஒரு கேள்வி விடாமல் குடைந்தது. கடவுளின் செய்தி இலவசம் என்று பாடுகிறேன். அந்தப் பாட்டுக்கு மட்டும் விலை ஒட்டலாமா? காசு இல்லாதவர் அதைக் கேட்கக்கூடாதா?

இனிமேல் கச்சேரிக்குக் கட்டணம் இல்லை, இசைத்தட்டுக்கும் விலை இல்லை என்று முடிவெடுத்தார்.

சொல்வது சுலபம். ஆனால் அவர் ஸ்பேரோ எனும் இசை நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இருந்தார். நன்றாக விற்கும் பாடகரை எந்த நிறுவனம்தான் விடும்? ஆச்சரியம் என்னவென்றால், அதன் நிறுவனர் பில்லி ரே ஹெர்ன் அவரை விட்டுக்கொடுத்தார்.

அடுத்த சிக்கல் பணம். ஒலிப்பதிவுக்கூடம், இசைக்கலைஞர்கள், அச்சு என்று செலவு வரிசையாக நிற்கும். அதற்குத்தான் வீடு அடமானத்துக்குப் போனது.

1980ஆம் ஆண்டு மே மாதம் 'சோ யூ வான்னா கோ பேக் டு ஈஜிப்ட்' வெளிவந்தது. பாலைவனத்தில் தினமும் ஒரே உணவைச் சாப்பிட்டு அலுத்துப்போய், அடிமைகளாக இருந்த எகிப்துக்கே திரும்பலாமா என்று முணுமுணுக்கும் பைபிள் காலத்து மக்களைப் பற்றிய கிண்டல் பாட்டுதான் தலைப்புப் பாடல். தொகுப்பின் இன்னொரு பாடலில் ஹார்மோனிகா வாசித்தவர் யார் தெரியுமா? பாப் டிலன்!

சரி, கணக்கு எப்படி முடிந்தது?

முறை எளிமையானது. கச்சேரியில் கேட்டு வாங்கலாம். அல்லது கடிதம் எழுதினால் அஞ்சலில் வரும். முடிந்ததைக் கொடுக்கலாம். முடியாவிட்டால் ஒன்றும் கொடுக்க வேண்டாம்.

இப்படி ஒரு வாய்ப்புக் கிடைத்தால் எல்லாரும் சும்மாவே வாங்கிக்கொள்வார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்?

1982ஆம் ஆண்டு மே மாதத்துக்குள் 200,000க்கும் அதிகமான பிரதிகள் போய்ச் சேர்ந்தன. அவற்றில் 61,000 முற்றிலும் இலவசம். அதாவது, பத்தில் சுமார் மூன்று. மற்ற ஏழுக்கும் யாரும் கேட்காமலேயே, எவ்வளவு என்று சொல்லாமலேயே, மக்கள் ஏதோ ஒரு தொகை கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் இந்த முறைக்கும் ஓர் எல்லை இருந்தது. விலையே இல்லாத பொருளைக் கடைக்காரர் எப்படி விற்பார்? அவரும் வாடகை கட்ட வேண்டுமே! கீத்தின் பாடல்கள் பிறகு கிறிஸ்தவப் புத்தகக் கடைகளிலும் விலைக்குக் கிடைத்தன. அப்போது வேறொரு வழி செய்தார்கள்: ஒரு கேசட் வாங்கினால் இன்னொன்று இலவசம், நண்பருக்குக் கொடுப்பதற்காக. சமரசமே இல்லை என்றவரும் சற்று வளைந்துகொடுத்தார் என்று சொல்லலாம். ஆனால் எதற்காக ஆரம்பித்தாரோ அதை விட்டுவிடவில்லை.

எல்லாருக்கும் பிடித்தவரா?

இல்லவே இல்லை. கச்சேரிக்கு வந்தவர்களையே மேடையில் இருந்து கடிந்துகொள்வார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிறிஸ்தவராக இருந்தால் போதுமா என்பதுதான் அவருடைய பாடல்கள் பலவற்றின் சாரம். சிலருக்கு அது விழிப்பூட்டியது. சிலருக்குக் குற்ற உணர்வை மட்டுமே தந்தது. கத்தோலிக்கப் போதனைகளை விமர்சித்து அவர் எழுதிய தொடர் கட்டுரைகளுக்குக் கடுமையான எதிர்ப்பும் வந்தது.

அவருடைய தாராள மனத்தைப் பாராட்டுபவர்களில்கூட அவருடைய கடுமையை ஏற்காதவர்கள் உண்டு. இரண்டும் ஒரே மனிதரிடம்தான் இருந்தன.

1982 ஜூலை 28

அன்று கீத்தின் வீட்டுக்கு ஒரு குடும்பம் வந்திருந்தது. பெற்றோர், 6 பிள்ளைகள். டெக்சஸ் நிலத்தை வானிலிருந்து காட்டுவதற்காகச் சிறிய விமானம் ஒன்றில் அவர்களை அழைத்துச் சென்றார் கீத். கூடவே தம்முடைய 3 வயது மகனையும் 2 வயது மகளையும் ஏற்றிக்கொண்டார். விமானியையும் சேர்த்து 12 பேர்.

அந்த விமானம் தாங்கக்கூடிய எடையைவிட அது அதிகம். மேலெழும்பிய சிறிது நேரத்தில் விமானம் விழுந்து நொறுங்கியது. யாரும் உயிர் பிழைக்கவில்லை.

வேண்டிய முன்னெச்சரிக்கை இருந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய விபத்து. அதனால்தான் இன்றும் மனத்தை உறுத்துகிறது.

மெலடி அப்போது ஒரு வயது மகளுடன் வீட்டில் இருந்தார். அவர் கருவுற்றும் இருந்தார். அடுத்த ஆண்டு இன்னொரு மகள் பிறந்தாள்.

அவருக்குப் பிறகு

மெலடி அமைப்பின் பணியைத் தொடர்ந்தார். கீத் விட்டுச்சென்ற ஒலிப்பதிவுகளில் இருந்து 1983இலும் 1984இலும் புதிய தொகுப்புகள் வந்தன. 2001இல் கீத்தின் பெயர் அமெரிக்காவின் கிறிஸ்தவ இசைப் புகழரங்கில் சேர்க்கப்பட்டது.

கீத்தின் குரலில் 1982இல் வெளிவந்த 'தேர் இஸ் அ ரிடீமர்' இன்றும் உலகின் பல தேவாலயங்களில் ஒலிக்கிறது. அதை எழுதியவர் கீத் அல்ல, மெலடி.

இன்று கீத் கிரீனின் பாடல்களைக் கேட்க நீங்கள் கடிதம் எழுத வேண்டாம். மாதக் கட்டணம் கட்டும் அதே செயலியில் மற்ற எல்லாப் பாடல்களோடும் அவையும் இருக்கின்றன. தேடினால் அடுத்த நொடி கிடைத்துவிடும்.

ஒன்றே ஒன்றுதான் அதில் இல்லை. எவ்வளவு கொடுக்கலாம் என்று உங்களையே யோசிக்கவைக்கும் அந்தக் காலிக் கட்டம். 1980இல் அஞ்சலில் கேசட் கேட்டு எழுதியவர்கள் அதை நிரப்ப வேண்டியிருந்தது.

நீங்களாக இருந்தால் அதில் எந்த எண்ணை எழுதியிருப்பீங்க?