ரெஜினால்டு பன்னெட்

ரெஜினால்டு கிரண்டல் பன்னெட் (சூன் 20, 1875 – சனவரி 3, 1967) இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த மரபியல் அறிஞர் ஆவார். பள்ளிப் பாடநூல்களில் இடம்பெறும் பன்னெட் கட்டம் இவர் பெயரால் வழங்குகிறது. பொரித்த அன்றே கோழிக்குஞ்சுகளுள் சேவல் எது, பெட்டை எது என்பதை நிறத்தைக் கொண்டு பிரித்தறியும் முறையைப் பண்ணைகளின் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தவர்களுள் இவர் முதன்மையானவர்.

இளமையும் கல்வியும்

பன்னெட் கென்ட் பகுதியிலுள்ள டான்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். சிறுவயதில் குடல்வால் அழற்சியால் அடிக்கடி படுக்கையில் கிடக்க நேர்ந்தபோது படித்த இயற்கை வரலாற்று நூல்களே இவருக்கு உயிரினங்களின்பால் நாட்டத்தை உண்டாக்கின. கேம்பிரிட்ஜில் விலங்கியல் பயின்று 1898 இல் பட்டம் பெற்றார். தொடக்கத்தில் இவர் ஆராய்ந்தவை நெமர்ட்டியன்கள் எனப்படும் கடற்புழுக்கள்.

மெண்டலின் விதிகள் 1900 இல் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தபின், அவற்றை இங்கிலாந்தில் பரப்பிய வில்லியம் பேட்சனுடன் பன்னெட் இணைந்தார். இவர் எழுதிய மெண்டலியம் என்னும் சிறுநூல் 1905 இல் வெளிவந்தது. மரபியலுக்கென எழுதப்பட்ட முதல் பாடநூலாக அது கருதப்படுகிறது. இனிப்புப் பட்டாணியில் சில பண்புகள் சேர்ந்தே மரபுவழி வருவதை இவரும் பேட்சனும் எடித் சாண்டர்சும் கண்டனர். ஆயினும் அதற்கு அவர்கள் தந்த விளக்கம் நிலைக்கவில்லை. சரியான விளக்கத்தை அமெரிக்காவில் மார்கனின் குழுவினர் குரோமோசோம்களைக் கொண்டு அளித்தனர். 1908 இல், ஓங்கு பண்பு ஒன்று மக்கள்தொகையில் ஏன் பெருகிக்கொண்டே போவதில்லை என்ற ஐயத்தைத் தம் நண்பரும் கணிதவியலாளருமான ஹார்டியிடம் கொண்டுசென்றவர் பன்னெட். ஹார்டி–வெயின்பெர்க் விதியின் ஒரு பாதி அவ்வாறே பிறந்தது.

1910 இல் பேட்சனுடன் சேர்ந்து மரபியலுக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். 1912 இல் கேம்பிரிட்ஜின் முதல் ஆர்தர் பால்ஃபோர் மரபியல் பேராசிரியர் ஆனார். இலங்கை வண்ணத்துப்பூச்சிகளின் போலித் தோற்றம் பற்றியும் கட்டுரை எழுதியுள்ளார்.

கோழிக்குஞ்சும் போர்க்காலமும்

பொரிக்கும் குஞ்சுகளில் ஏறத்தாழ பாதி சேவல். முட்டைக்காகக் கோழி வளர்ப்போருக்குச் சேவற்குஞ்சால் பயனில்லை. ஆனால் கொண்டை தெளிவாக வளரும்வரை, அதாவது பல வாரங்கள், இரண்டுக்கும் ஒரே அளவு தீனி இட வேண்டியிருந்தது. முதல் உலகப் போரின்போது தானியத் தட்டுப்பாடு ஏற்பட்டதும் இச்செலவு நாட்டின் உணவுச் சிக்கலாயிற்று. அப்போது அரசின் உணவு உற்பத்தித் துறையில் பணியாற்றிய பன்னெட், பாலுடன் பிணைந்த இறகு நிறங்களைப் பயன்படுத்தலாம் எனப் பரிந்துரைத்தார்.

இதன் அடிப்படை எளியது. மனிதரில் ஆணுக்கு இருவேறு பால் குரோமோசோம்கள் இருப்பதுபோல், கோழியில் பெட்டைக்கே இசட், டபிள்யூ என இருவேறு குரோமோசோம்கள் உள்ளன. சேவலுக்கு இரண்டும் இசட். ஆகவே பெட்டை தன் ஒரே இசட் குரோமோசோமைத் தன் ஆண் குஞ்சுகளுக்கு மட்டுமே தருகிறது. அக்குரோமோசோமில் ஓங்கு நிற மரபணு இருந்து, தந்தைச் சேவலிடம் அது இல்லையெனில், தாயின் நிறம் ஆண் குஞ்சுகளிலும் தந்தையின் நிறம் பெண் குஞ்சுகளிலும் தோன்றும். பன்னெட் கட்டத்தை ஒருமுறை வரைந்து பார்க்கும் மாணவருக்கு இது உடனே விளங்கும்.

ரோட் ஐலண்ட் ரெட் சேவலை லைட் சசெக்ஸ் பெட்டையுடன் சேர்த்தால், வெளிர் மஞ்சள் தூவியுடன் பிறப்பவை சேவல்கள், செம்பழுப்புத் தூவியுடன் பிறப்பவை பெட்டைகள். அதே சேவலை வரியிறகு கொண்ட பிளிமத் ராக் பெட்டையுடன் சேர்த்தால் எல்லாக் குஞ்சுகளும் கருமையாகவே பிறக்கும். ஆனால் தலையில் வெண்புள்ளி உள்ளவை சேவல்கள். அவை வளர்ந்தபின் வரியிறகு பெறும், பெட்டைகள் பெறா. பெற்றோரை மாற்றி, வரியிறகுச் சேவலைச் சிவப்புப் பெட்டையுடன் சேர்த்தால் இம்முறை பயன்படாது. எல்லாக் குஞ்சுகளும் வரியிறகு பெற்றுவிடும். எனவே பெற்றோர் எந்த இனங்கள் என்பதோடு, எது தந்தை, எது தாய் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

காம்பார்

இக்கலப்பினங்களுக்கு ஒரு குறை உண்டு. அவற்றைத் தமக்குள் இணைத்தால் அடுத்த தலைமுறையில் நிறம் பாலைக் காட்டாது. ஒவ்வொரு முறையும் இரு தூய இனங்களிலிருந்தே தொடங்க வேண்டும். பன்னெட்டும் மைக்கேல் பீசும் இக்குறைக்குத் தீர்வு கண்டனர். வரியிறகு மரபணுவைப் பிளிமத் ராக்கிலிருந்து தங்கநிறக் காம்பைன் இனத்துக்கு மாற்றியபோது, அம்மரபணு இரண்டு பெற்ற சேவற்குஞ்சுகள் வெளிறியும் ஒன்றே பெற்ற பெட்டைக்குஞ்சுகள் அடர்நிறத்துடனும் பிறந்தன. இவ்வேறுபாடு தலைமுறைதோறும் தொடர்ந்தது. 1930 அளவில் இவ்வாறு உருவான காம்பாரே, பாலைத் தானே காட்டும் முதல் தூய கோழியினம். பண்ணைத் தொழிலில் அது பெரிதாக வேரூன்றவில்லை. குஞ்சின் கழிவாய்ப் பகுதியை நோக்கிப் பால் அறியும் சப்பானிய முறை 1930களில் மேலைநாடுகளில் பரவியதும் இதற்கு ஒரு காரணம் எனலாம்.

மாறாக, பால்பிணைந்த கலப்பினங்கள் பெருகின. இன்றைய பழுப்பு முட்டைக் கோழிகளான ஐஎஸ்ஏ பிரவுன், லோமான் பிரவுன் ஆகியவற்றிலும் இதே வெள்ளி–தங்க நிற வேறுபாடே பயன்படுகிறது. தீனியை மிச்சப்படுத்த வந்த இவ்வறிவு, சேவற்குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொல்வதையும் எளிதாக்கியது என்பதை மறைப்பதற்கில்லை. செருமனி 2022 முதல் அவ்வாறு கொல்வதைத் தடை செய்தது. ஓட்டின் வழியே ஒளியைச் செலுத்தி, வளரும் கருவின் இறகு நிறத்தைக் கண்டு பால் அறியும் கருவிகளும் பயன்பாட்டுக்கு வந்தன. அவையும் இந்நிற வேறுபாட்டையே சார்ந்துள்ளன.

பிற்காலம்

பன்னெட்டுக்கு 1922 இல் டார்வின் பதக்கம் வழங்கப்பட்டது. கோழிகளின் மரபு பற்றிய இவரது நூல் 1923 இல் வெளிவந்தது. அக்கால மரபியலாளர் பலரைப் போல இவரும் மனித இனமேம்பாட்டுக் கொள்கையில் நாட்டம் கொண்டிருந்தார். எனினும் ஒடுங்கு பண்பொன்றைத் தேர்வினால் மட்டும் அகற்ற மிகப் பல தலைமுறைகள் ஆகும் என 1917 இல் கணக்கிட்டுக் காட்டியவரும் இவரே.

தென் அமெரிக்கக் கோழிகளின் நீல முட்டை ஓர் ஓங்கு மரபணுவால் விளைவது என 1933 இல் நிறுவினார். நீல முட்டையும், பாலைக் காட்டும் குஞ்சும் ஒருங்கே அமைந்த கிரீம் லெக்பார் இனம் இவரது ஆய்வுகளின் வழியே உருவானது. பிரித்தானியாவில் அதற்கான இனத்தரம் 1958 இல் வகுக்கப்பட்டது. 1940 இல் ஓய்வு பெற்ற பன்னெட், சாமர்செட்டில் உள்ள பில்புரூக் என்னும் ஊரில் தமது 91 ஆம் வயதில் காலமானார்.